முதலில் சீட், அப்புறம் பாயிண்ட்

ஹெச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியா கிரெடிட் கார்டில், செலவு செய்ததற்குப் பரிசாக 10,000 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாத பில்லில் கழித்துக்கொண்டால் 3,000 ரூபாய். டிராலி பை, மிக்சி, பரிசுக் கூப்பன் என்று வாங்கினால் 5,000 ரூபாய் வரை. அந்த வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமான டிக்கெட்டோ ஓட்டல் அறையோ எடுத்தால் 10,000 ரூபாய். விமான நிறுவனத்தின் மைல்ஸாக (டிக்கெட் எடுக்க அவர்கள் வைத்திருக்கும் பாயிண்ட்) மாற்றினால் பல நிறுவனங்களில் 10,000 மைல்ஸ், சிலவற்றில் 5,000 மைல்ஸ். அந்த 10,000 மைல்ஸ் 6,000 ரூபாய்க்கும் போகலாம், 20,000 ரூபாய்க்கும் போகலாம். அது நீங்கள் எடுக்கும் டிக்கெட்டைப் பொறுத்தது.

பாயிண்ட்டுக்கென்று ஒரு விலை கிடையாது. எந்த வாசல் வழியாக வெளியே போகிறதோ அதுதான் விலை. ஆனால் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி எப்போதும் "எந்தக் கார்டு வாங்கலாம்?" என்பதாகவே இருக்கிறது. மூன்று வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரு மதிய வேளையில் ஏர் ஃப்ரையராக மாற்றிவிட்டு, "பாயிண்ட்டெல்லாம் சும்மா ஏமாத்து வேலை" என்று முடித்துவிடுகிறார்கள். அதனால் இந்தப் பதிவு பெரும்பாலும் செலவழிக்கும் பக்கத்தைப் பற்றியது. சேர்ப்பதைக் கடைசியில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஒரே ஒரு வகுத்தல்

மைல்ஸில் டிக்கெட் எடுத்தாலும் விமான நிலையக் கட்டணம், வரி எல்லாம் பணமாகக் கட்டத்தான் வேண்டும். ஆகவே கணக்கு இதுதான்: அதே டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல்ஸ் டிக்கெட்டுக்குக் கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள். மிச்சத்தை மைல்ஸ் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு மைலுக்கு எத்தனை ரூபாய் என்று வந்துவிடும்.

கணக்குக்காகச் சில எண்கள். ஓர் எகானமி டிக்கெட் ரொக்கமாக 18,000 ரூபாய், மைல்ஸில் 15,000 மைல்ஸும் 4,500 ரூபாய் வரியும் என்றால், 13,500 வகுத்தல் 15,000. மைலுக்கு 90 பைசா. கார்டின் பாயிண்ட் ஸ்மார்ட்பையிலேயே ஒரு ரூபாய்க்குப் போகும்போது இந்த டிக்கெட்டுக்காக மைல்ஸாக மாற்றுவது நஷ்டம். அதே தடத்தில் பிசினஸ் வகுப்பு ரொக்கமாக 75,000 ரூபாய், மைல்ஸில் 40,000 மைல்ஸும் 6,000 ரூபாயும் என்றால் 69,000 வகுத்தல் 40,000, அதாவது மைலுக்கு 1 ரூபாய் 72 பைசா.

இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். அந்த சீட்டுக்கு உங்கள் கையிலிருந்து 75,000 கொடுத்திருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், அதிகபட்சம் எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ அதைப் போடுங்கள். 40,000 ரூபாய்தான் என்றால் (40,000 − 6,000) வகுத்தல் 40,000. 85 பைசா. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரப் பயணம். சாப்பிட்டு முடித்து ஒரு படம் பார்ப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அதற்கு நான் பிசினஸ் மைல்ஸைச் செலவிட மாட்டேன். அதே மைல்ஸ் சிங்கப்பூர் வழியாக மெல்போர்னுக்கோ, ஃபிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க்கிற்கோ படுத்துக்கொண்டு போக உதவும் என்றால் அது வேறு கணக்கு.

ரொக்க விலையை எடுக்கும்போதும் நேர்மை வேண்டும். அதே நாளில் இண்டிகோ பாதி விலைக்குப் பறந்து, அதில் ஏறவும் உங்களுக்குச் சம்மதம் என்றால் அந்தப் பாதி விலைதான் ஒப்பீடு. பணம் கொடுத்து வாங்கும் டிக்கெட் திரும்ப மைல்ஸும் கார்டு பாயிண்ட்டும் தரும், மைல்ஸ் டிக்கெட் தராது. அதையும் கழித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பிசினஸ் டிக்கெட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது, எகானமிக்கு 5 சதவீதமே தொடர்கிறது. ரொக்க விலை என்பது வரியும் சேர்ந்த கடைசித் தொகை. தேடல் பக்கத்தில் முதலில் தெரியும் எண் அல்ல.

ஸ்மார்ட்பையில் ஒரு ரூபாய் என்பதிலும் இரண்டு உட்குத்து உண்டு. ஒரு புக்கிங்கில் 70 சதவீதம் வரைதான் பாயிண்ட்டில் கட்ட முடியும், மீதியைக் கார்டில் கட்ட வேண்டும். அங்கே காட்டும் விலை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தை விடக் கூடுதலாகவும் இருக்கலாம். நிறுவனத் தளத்தில் 19,200, ஸ்மார்ட்பையில் 20,000 என்றால், 14,000 பாயிண்ட்டும் 6,000 ரூபாயும் கொடுப்பீர்கள். கையில் மிச்சமானது 13,200. ஒரு பாயிண்ட் 94 பைசாதான் ஆயிற்று. இது மோசமில்லை. ஆனால் தேதி மாற்றவோ ரத்து செய்யவோ வேண்டியிருந்தால் விமான நிறுவனத்திடம் நேராகப் போக முடியாமல் இடையில் ஒரு ஏஜென்ட் நிற்பார். பயணம் உறுதியில்லாத நாட்களுக்கு அந்த வழி வேண்டாம்.

என் அளவுகோல்: உங்கள் கார்டில் ஒரு பாயிண்ட்டுக்குச் சிரமமில்லாமல் கிடைக்கும் அதிகபட்ச மதிப்பே தரை. இன்ஃபினியாவில் அது ஒரு ரூபாய், அதே வங்கியின் ரெகாலியா கோல்டு கார்டில் விமான டிக்கெட்டுக்கு 50 பைசா. மைல்ஸாக மாற்றிக் கிடைப்பது அந்தத் தரையை விட ஒன்றரை மடங்காவது இல்லையென்றால் மாற்றுவதில் பொருளில்லை. மாற்றிய மைல்ஸ் திரும்ப வராது என்ற ஆபத்துக்கான கூலி அந்த அரை மடங்கு.

ஒரே சீட், பல விலை

இந்த விளையாட்டின் சுவையே இங்கேதான். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் லுஃப்தான்சாவின் ஒரு சீட்டை லுஃப்தான்சாவின் மைல்ஸில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ள சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர், யுனைடெட்டின் மைலேஜ்பிளஸ், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் (பழைய ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்) என எந்த மைல்ஸிலும் எடுக்கலாம். விமானம் ஒன்று, இருக்கை ஒன்று, விலைப்பட்டியல் மட்டும் ஒவ்வொருவருக்கும் வேறு.

வேறுபடுவது மைல்ஸ் எண்ணிக்கை மட்டுமல்ல. கூட்டணி விமானத்தில் வரும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைச் சில திட்டங்கள் உங்கள் தலையில் கட்டும், சில கட்டாது. யுனைடெட் தன் மைல்ஸில் எடுக்கும் டிக்கெட்டுக்கு அந்தக் கட்டணத்தை வாங்குவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களுக்கு 2017 மார்ச்சிலிருந்து வாங்குவதில்லை. ஆனால் அதே கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸில் லுஃப்தான்சாவை எடுத்தால் அந்தக் கட்டணம் வரும். அதனால் "குறைந்த மைல்ஸ்" என்று தெரியும் வழி கடைசிப் பக்கத்தில் அதிகப் பணம் கேட்கலாம். வகுத்தலைச் செய்யாமல் இரண்டையும் ஒப்பிட முடியாது.

ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு விமானக் கூட்டணியின் பக்கம் ஆவியோஸ் என்ற மைல்ஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஐபீரியா, ஃபின்ஏர் எல்லாவற்றுக்கும் இதுவே நாணயம். கணக்குகளை இணைத்துவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒன்றுக்கு ஒன்றாக நகர்த்தலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் திட்டத்தில் கூட்டணி விமானங்களுக்குத் தூரத்தை வைத்து விலை வைப்பதால் குட்டிப் பயணங்கள் கவனிக்கத்தக்கவை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் ஒன்வேர்ல்டில் இருக்கிறது. சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து கொழும்பு போவது தூரப் பட்டியலின் மிகக் கீழ்ப் படியில் வரும். துக்கத்துக்கோ அவசரத்துக்கோ மறுநாளே கிளம்ப வேண்டி, ரொக்க விலை எகிறி நிற்கும் நாளில்தான் இப்படிப்பட்ட டிக்கெட்டின் மதிப்பு தெரியும். சாதாரண நாளில் வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பணம் கொடுப்பதே மேல்.

திருச்சி, கோவைக்காரர்களுக்கு ஒரு சொல்: சிங்கப்பூருக்கு ஸ்கூட் என்ற மலிவு விமானத்தில் போவதென்றால் பணமே கொடுங்கள். மலிவு டிக்கெட்டில் மைல்ஸைக் கரைப்பது, சில்லறை கேட்ட இடத்தில் தங்கக் காசை நீட்டுவது போல.

லண்டன் போகிறவர்களுக்கு இன்னொரு வரி காத்திருக்கிறது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பயணிக்கும் விமானப் பயணி வரி உண்டு. 2025–26-இல் இந்தியா அளவு தூரத்துக்கு எகானமியில் 90 பவுண்ட், பிசினஸில் 216 பவுண்ட். எகானமியில் போகும் 16 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு இது கிடையாது. வரி கிளம்பும்போதுதான், இறங்கும்போது அல்ல. ஐரோப்பாவும் சுற்றுவதாக இருந்தால் லண்டனில் இறங்கி, பாரிஸிலிருந்தோ ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தோ திரும்புங்கள். பிசினஸ் வகுப்பில் இருவர் போனால் இந்த ஒரு மாற்றத்தில் பிரிட்டன் வரி மட்டும் 432 பவுண்ட் மிச்சம். திரும்பும் ஊரில் வாங்கும் வரியையும், நடுவில் ரயிலுக்கோ மலிவு விமானத்துக்கோ ஆகும் செலவையும் அதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

சீட் தேடுவது

மைல்ஸ் இருக்கிறது என்பதற்காக எந்த சீட்டும் கிடைத்துவிடாது. ஒவ்வொரு விமானத்திலும் மைல்ஸுக்கென்று சில சீட்டுகளையே திறந்துவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் குறைந்த மைல்ஸுக்கு சேவர், கூடுதலாகக் கொடுத்தால் அட்வான்டேஜ், 2025-இல் சேர்ந்த ஆக்சஸ் என்று மூன்று அடுக்கு. ஆக்சஸ் தேவைக்கேற்ப ஏறும் விலை. நான் சேவரைத் தாண்டி யோசிப்பதே அரிது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் விற்பனை பயண நாளுக்கு 355 நாட்களுக்கு முன் திறக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் அதே 355-தான். அவர்கள் ஒவ்வொரு நீண்ட தூர விமானத்திலும் குறைந்தது எகானமியில் 8, பிசினஸில் 4 சீட்டை மைல்ஸுக்கு உறுதியளிக்கிறார்கள். நம் ஊர் நேரப்படி அது விடிகாலையில் திறக்கும். தீபாவளி வாரம், மே மாதப் பள்ளி விடுமுறை, டிசம்பர், பொங்கல் ஆகிய நாட்களுக்கு இவ்வளவு முன்னதாகப் பார்த்தால்தான் உண்டு. சிங்கப்பூர் தடத்தில் அவர்களுடைய ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து ஊருக்கு வரும் நம் மக்களும் அதே சீட்டைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். ஜூலை பிற்பாதி, செப்டம்பர், பிப்ரவரி போன்ற நாட்கள் எளிது.

தேடும்போது செய்யும் தவறுகள் சில. குடும்பத்தில் நான்கு பேர் என்று நான்கையும் போட்டுத் தேடினால், மூன்று சீட் இருக்கும் விமானம் "இல்லை" என்றே காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடி, பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றிப் பாருங்கள். போக வர ஒன்றாகத் தேடாமல் தனித்தனியாகத் தேடுங்கள். சென்னை–சிங்கப்பூர் பகுதி தனியாகக் கிடைக்காத நாளில் சென்னை–சிட்னி என்று முழுதாகத் தேடினால் கிடைக்கலாம், இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நிறுவனம் முழுப் பயணத்தையும் ஒரு பொருளாகவும், பகுதியை வேறு பொருளாகவும் விற்கிறது என்பதுதான் காரணம். நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானங்களில் தேதியை இருமுறை பாருங்கள். 14-ஆம் தேதி 00:40 என்றால் 13-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடித்துக் கிளம்ப வேண்டும். இதில் தவறியவர்கள் ஏராளம்.

வெயிட்லிஸ்ட் என்ற வசதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் உண்டு. சீட் உறுதியானால்தான் மைல்ஸ் கழியும், அதுவரை கழியாது. ஆனால் அது நம் ரயில்வே வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி எண் காட்டாது. எத்தனையாவது ஆள் என்று தெரியாது, பயணத்துக்குச் சில நாள் முன்பு வரை இழுக்கும். மாற்று ஏற்பாடு இல்லாமல் அதை நம்பி லீவு போடாதீர்கள்.

மாதாமாதம் நடுவில் கிரிஸ்ஃப்ளையரின் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் அறிவிப்பு வரும். அடுத்த மாதப் பயணத்துக்குக் குறிப்பிட்ட தடங்களில் 30 சதவீதத் தள்ளுபடி. எடுத்தால் எடுத்ததுதான், தேதி மாற்றவும் முடியாது, ரத்தும் கிடையாது. இதற்குள்ள வினோதச் சிக்கல்: அறிவிப்பைப் பார்த்த பிறகு கார்டிலிருந்து மைல்ஸ் மாற்ற ஆரம்பித்தால் அது வந்து சேர்வதற்குள் நல்ல தேதிகள் போய்விடும். இந்த ஒரு உபயோகத்துக்காக மட்டும் கொஞ்சம் மைல்ஸைக் கணக்கில் வைத்திருப்பதில் தப்பில்லை.

மாற்றும் நாள், பெயர்ச் சண்டை

தலைப்பு சொல்வதுதான் விதி. சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகே பாயிண்ட்டை மாற்ற வேண்டும். கார்டில் இருக்கும்வரை அது எந்த விமான நிறுவனத்துக்கும் போகக்கூடிய பாயிண்ட். மாற்றிய நொடியில் ஒரே நிறுவனத்தின் கைதி. சில வங்கிகளில் சில நிமிடத்தில் ஏறும், சிலவற்றில் நாட்கணக்காகும். உங்கள் வங்கிக்கும் அந்த விமான நிறுவனத்துக்கும் இடையே எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்துகொள்ள, முதலில் குறைந்தபட்ச அளவில் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். கட்டணமும் உண்டு. ஆக்சிஸ் வங்கி 2024 டிசம்பர் 20 முதல் ஒவ்வொரு மைல்ஸ் மாற்றத்துக்கும் 199 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்குகிறது. ஹெச்டிஎஃப்சியின் பல கார்டுகளில் ரிடீம் செய்ய 99 ரூபாயும் ஜிஎஸ்டியும். சிறு சிறு தவணையாக மாற்றினால் இதுவே தின்னும்.

இப்போது தமிழர்களுக்கே உரிய தலைவலி. இனிஷியல்.

கார்டில் "ஆர் செந்தில்குமார்". பாஸ்போர்ட்டில் பெயர் என்ற இடத்தில் "செந்தில்குமார் ராமசாமி", குடும்பப் பெயர் என்ற இடம் காலி. விமான நிறுவனத்தின் மைல்ஸ் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கேட்கும். அவசரத்தில் ஒருவர் "குமார்" என்பதைக் கடைசிப் பெயராக்கி, "செந்தில்" என்பதை முதல் பெயராக்கிவிடுவார். வங்கி அனுப்பும் பெயரும் மைல்ஸ் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் மாற்றம் நிராகரிக்கப்படும். பாயிண்ட் கார்டுக்குத் திரும்பி வர வாரக்கணக்காகலாம். அதற்குள் நீங்கள் பார்த்துவைத்த சீட் போயிருக்கும்.

ஆகவே வரிசை இப்படி: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மைல்ஸ் கணக்கின் பெயர். மைல்ஸ் கணக்கின் பெயரிலேயே டிக்கெட். வங்கிப் பதிவில் இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட் பெயராக மாற்றச் சொல்லி கேஒய்சி திருத்தம் கொடுங்கள். கிளையில் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், சில நாட்களில் முடிந்துவிடும். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளுக்கு, தந்தையின் பெயரோ தாயின் பெயரோ எதுவாக இருந்தாலும் சரி, குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தாலும், விமான நிலைய கவுன்டரில் ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலை யாருக்கு வேண்டும்? மைல்ஸ் டிக்கெட்டில் பெயரை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது.

யாருக்காக எடுக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. கிரிஸ்ஃப்ளையரில் உங்களைத் தவிர ஐந்து பேரை நாமினியாகப் பதிந்து, அவர்களுக்கு மட்டுமே டிக்கெட் எடுக்கலாம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்றால் ஐந்தும் தீர்ந்தது. மாமனார், மாமியாருக்கு மனைவியின் பெயரில் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது வீட்டு அமைதிக்கும் நல்லது.

மாற்றும் தொகையைக் கணக்காகப் போடுங்கள், ஆனால் குறைந்துபோகாமல். 200 மைல்ஸ் குறைகிறது என்றால் கிரிஸ்ஃப்ளையர் புக்கிங் நேரத்திலேயே விற்கும், 1,000 மைல்ஸ் 40 அமெரிக்க டாலர். மைலுக்கு மூன்று ரூபாய்க்கு மேல். குறைவாக மாற்றி இதில் மாட்டுவதை விட 500 மைல்ஸ் கூடுதலாக மாற்றுவது மலிவு.

தேய்மானம்

சேர்த்துவைத்த பாயிண்ட்டுக்கு வட்டி கிடையாது, தேய்மானம் மட்டும் உண்டு. ஆக்சிஸ் மேக்னஸ் கார்டு நல்ல எடுத்துக்காட்டு. 2023 ஆகஸ்ட் வரை 5 பாயிண்ட்டுக்கு 4 மைல்ஸ். செப்டம்பர் 1 முதல் 5-க்கு 2. ஒரு லட்சம் பாயிண்ட் வைத்திருந்தவரின் 80,000 மைல்ஸ் ஒரே நாளில் 40,000 ஆனது. மாதம் ஒரு லட்சம் செலவுக்குக் கிடைத்துவந்த 25,000 பாயிண்ட் போனஸும் அன்றோடு நின்றது. வங்கி முன்னறிவிப்பு கொடுத்துத்தான் செய்தது, சட்டப்படி தவறேதும் இல்லை. பாயிண்ட் உங்கள் சொத்து அல்ல, வங்கியின் சலுகை, அவ்வளவுதான். விமான நிறுவனங்களும் மைல்ஸ் பட்டியலை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உயர்த்துகின்றன. ஒன்றரை வருடத்துக்குள் போகப்போகும் பயணத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் குவிக்காதீர்கள். ஓய்வுபெற்ற பிறகு உலகம் சுற்ற என்று மைல்ஸ் சேர்ப்பது ஐஸ் கட்டியைப் பீரோவில் பூட்டிவைப்பது.

காலாவதி ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் வந்த நாளிலிருந்து மூன்று வருடம், நடுவில் பறந்தாலும் நீளாது. ஆவியோஸ் 36 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் போகும், சின்ன வரவு ஒன்று வந்தாலே உயிர்பெறும். யுனைடெட் மைல்ஸுக்கு 2019 முதல் காலாவதி இல்லை. இன்ஃபினியா பாயிண்ட் மூன்று வருடம். இந்த இரட்டைக் கடிகாரத்தைப் பயன்படுத்தலாம்: கார்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு கிரிஸ்ஃப்ளையருக்குப் போனால் அங்கே புதிதாக மூன்று வருடம். இதில் ஒரு பொறி, ரத்து செய்த டிக்கெட்டின் மைல்ஸ் பழைய காலாவதித் தேதியோடுதான் திரும்பும். அந்தத் தேதி தாண்டியிருந்தால் திரும்பி வந்ததும் மறைந்துவிடும். பழைய மைல்ஸில் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யும் முன் தேதி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

சேர்க்கும் பக்கம், சுருக்கமாக

முழு பில்லையும் டியூ டேட்டுக்குள் கட்ட முடியாத மாதம் உங்களுக்கு வரும் என்றால் இந்தப் பதிவை மறந்துவிடுங்கள். மாதம் 3.75 சதவீத வட்டி வாங்கும் கார்டில் 50,000 ரூபாய் ஒரு மாதம் நின்றால் வட்டி 1,875, அதற்கு ஜிஎஸ்டி 337, மொத்தம் 2,212 ரூபாய். 150 ரூபாய்க்கு 5 பாயிண்ட் தரும் கார்டில் அந்த 50,000-க்குக் கிடைத்திருக்கக்கூடியது 1,665 பாயிண்ட்.

"150-க்கு 5" என்பதையும் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 150-இன் மடங்குகளுக்குத்தான் கணக்கு. 149 ரூபாய் தேய்த்தால் பூஜ்யம், 290 தேய்த்தால் 5. சில்லறைச் செலவை யுபிஐயில் முடித்து, பெரிய தொகைக்கு கார்டை வைத்துக்கொள்ளலாம். வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, அரசுக் கட்டணங்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் இல்லை அல்லது வரம்பு உண்டு. வாடகைக்கு ஒரு சதவீதக் கட்டணமும் சேரும். இன்சூரன்ஸ் பிரீமியம், பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு விதி அடிக்கடி மாறுவதால் பெரிய தொகை தேய்க்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் தேய்க்கும்போது மார்க்கப், அதாவது வெளிநாட்டுப் பணச் செலவுக்கு வங்கி வாங்கும் கூடுதல் கட்டணம், பெரிய ஓட்டை. 3.5 சதவீதமும் ஜிஎஸ்டியும் என்றால் ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் 4,130 ரூபாய் போகும். இன்ஃபினியா போல 2 சதவீதம் என்றால் 2,360. இன்ஃபினியாவில் அதே ஒரு லட்சத்துக்கு 3,330 பாயிண்ட் வருவதால் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். 3.5 வாங்கும் கார்டில் பெரும்பாலும் பாயிண்ட் அதை ஈடுகட்டாது. முஸ்தஃபா சென்டரில் கல்லாவில் இருப்பவர் "ரூபாயில் கட்டலாமா, டாலரிலா?" என்று மெஷினைத் திருப்பிக் காட்டினால் சிங்கப்பூர் டாலர் என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மெஷின்காரரின் மோசமான மாற்று விகிதமும் வரும், அதன்மேல் உங்கள் வங்கி தனியாக ஒரு கட்டணமும் போடலாம்.

பறக்கவே போவதில்லை, வருடத்துக்கு ஒரு முறை டெல்லிதான் என்பவர்களுக்கு, ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம் ரொக்கமாகத் திருப்பித் தரும் கார்டே போதும். வகுத்தல் வேண்டாம், 355 நாள் காத்திருப்பு வேண்டாம். மைல்ஸ்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஓட்டல் பக்கம் போக நினைத்தால் ஆக்கோர் ஓட்டல் குழுமத்தின் கணக்கு தெளிவானது, 2,000 பாயிண்ட் என்றால் 40 யூரோ, எந்த நாளானாலும். மேரியட்டில் பாயிண்ட்டில் ஐந்து இரவு எடுத்தால் நான்கு இரவுக்கே கழியும். மூன்று நாள் பயணத்தை ஐந்தாக நீட்டுவதற்கு இதைச் சாக்காக்க வேண்டாம்.

டிக்கெட் எடுத்து முடித்த பிறகு கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் 1,400, 2,300 என்று துண்டு மைல்ஸ் கிடக்கும். அதை அவர்களுடைய ரொக்க டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம், மைலுக்கு ஏறத்தாழ ஒரு சிங்கப்பூர் சென்ட், நம் கணக்கில் அறுபது எழுபது பைசா. காலாவதிக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தால் தொடாதீர்கள், அடுத்த டிக்கெட்டுக்கு அவ்வளவு குறைவாக மாற்றினால் போதும். இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் அறுபது பைசாவை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடுங்கள்.